3-வது விமானம் தாங்கிக் கப்பலா, நீர்மூழ்கியா? கடற்படை விவாதத்தில் சேலம், நாமக்கல்லுக்கு என்ன வேலை?

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று கடலுக்கு வழி கேட்டால், கடலூர் பக்கம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் போகச் சொல்வார்கள். நாமக்கல்லும் அப்படித்தான். கடற்காற்று எட்டாத ஊர். இந்திய கடற்படை அடுத்து எந்தக் கப்பலைக் கட்டப் போகிறது என்பதைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் ஏன் கவலைப்படணும்?

காரணம் இருக்கு. நாமக்கல் லாரிகள் ஏற்றிச் செல்லும் சமையல் கேஸில் பெரும்பகுதி கப்பலில்தான் நாட்டுக்குள் வருது. நாமக்கல் முட்டை கப்பலில்தான் வளைகுடாவுக்குப் போகுது. சேலமோ, தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் ஒன்று. ஆக, எந்தக் கப்பலைக் கட்டுறாங்க, எப்போ கட்டுறாங்க என்பதற்கும் இங்குள்ள லாரிப் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் தொடர்பு இருக்கு.

டெல்லியில் இந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுது. மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பல் வேண்டுமா, அல்லது அந்தப் பணத்தில் நீர்மூழ்கிகளை வாங்கலாமா? கேள்வி முக்கியம்தான். ஆனா அந்தச் சத்தத்தில், இதைவிட அவசரமான ஒரு ஓட்டை யார் கண்ணிலும் படாமல் போகுது. அதைக் கீழே பார்க்கலாம். முதலில் நாமக்கல்.

நாமக்கல் லாரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

தென் மாநிலங்களில் எல்.பி.ஜி. கேஸை மொத்தமாக ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். அவங்க ஸ்டிரைக் அறிவித்தால் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என எல்லா இடத்திலும் சிலிண்டர் தட்டுப்பாடு பற்றிய பேச்சு கிளம்பும். அந்த அளவுக்கு இந்தத் தொழில் நாமக்கல் கையில் இருக்கு.

அந்த கேஸ் எங்கிருந்து வருது? இந்தியா பயன்படுத்தும் எல்.பி.ஜி.யில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளில் இருந்து, ஹோர்முஸ் ஜலசந்தி வழியாக வருது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். திருச்செங்கோட்டில் இருந்து ஊர் ஊராகப் போய் போர் போடும் ரிக் வண்டிகள் குடிக்கிற டீசலும் இந்தக் கணக்குல வரும்.

முட்டை எதிர்த்திசையில் போகுது. ஓமன், கத்தார், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் நாமக்கல் முட்டையின் பழைய வாடிக்கையாளர்கள். முட்டை காத்திருக்காது. குளிர்சாதன கன்டெய்னர் இரண்டு வாரம் தாமதமானால் நஷ்டம் பண்ணைக்காரர் வரைக்கும் வந்து சேரும்.

கடலில் ஒரு சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்பதை 2023 கடைசியில் இருந்து உலகமே பார்த்தது. ஏமனில் இருந்து ஹூதிகள் செங்கடலில் போகும் வணிகக் கப்பல்கள் மீது ஏவுகணையும் ட்ரோனும் வீசினார்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. பயணத்தில் 10 நாளுக்கு மேல் கூடியது, சரக்குக் கட்டணமும் எகிறியது. ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் கரூர், திருப்பூர், குமாரபாளையம் பக்கம் இந்தச் சூடு நேரடியாகவே தெரிந்தது.

அப்போ இந்திய கடற்படை சும்மா இருக்கல. 2024 ஜனவரியில் ஏவுகணை பட்டு எரிந்த மார்லின் லுவாண்டா எண்ணெய்க் கப்பலின் தீயை அணைக்க ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போனது. அந்தக் கப்பலில் இருந்த 23 பேரில் 22 பேர் இந்தியர்கள். மார்ச் மாதம் எம்.வி. ரூயன் என்ற கடத்தப்பட்ட கப்பலை ஐ.என்.எஸ். கொல்கத்தா மடக்கியது. கமாண்டோக்களை விமானத்தில் இருந்து பாராசூட்டில் கடலில் இறக்கினார்கள். 35 கடற்கொள்ளையர்கள் சரணடைந்தனர், 17 ஊழியர்கள் மீட்கப்பட்டனர்.

இந்த வேலையை முன்னால் நின்று செய்தது எந்தக் கப்பல்கள் என்று கவனியுங்க. விமானம் தாங்கிக் கப்பலும் இல்லை, நீர்மூழ்கியும் இல்லை. ஏவுகணையும் ஹெலிகாப்டரும் கொண்ட வழக்கமான போர்க்கப்பல்கள்.

விமானம் தாங்கிக் கப்பல் ஏன் 3 வேணும்னு கேட்கிறாங்க?

இப்போது இந்தியாவிடம் இரண்டு இருக்கு. ரஷ்யாவிடம் வாங்கிப் புதுப்பித்து 2013 நவம்பரில் சேர்த்த ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா ஒன்று. கொச்சியில் நாமே கட்டி 2022 செப்டம்பர் 2-ம் தேதி சேர்த்த ஐ.என்.எஸ். விக்ராந்த் இன்னொன்று.

கடற்படையின் வாதம் எளிமையானது. கிழக்குக் கடலுக்கு ஒன்று, மேற்குக் கடலுக்கு ஒன்று. இவ்வளவு பெரிய கப்பல் அவ்வப்போது பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் துறைமுகத்தில் நிற்கும். அந்த நேரத்துக்கு மாற்றாக மூன்றாவது. லாரி வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வண்டி எஃப்.சி.க்குப் போய்விட்டால் அந்த ரூட்டை யார் ஓட்டுவது என்பதுதான் கேள்வி. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் மூன்று கப்பல் தேவை என்றே பரிந்துரைத்தது.

இதை வெளிப்படையாக எதிர்த்தவர் அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத். 2020 தொடக்கத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கடலின் மேலே மிதக்கும் எதையும் செயற்கைக்கோள் பார்த்துவிடும், ஏவுகணை அடித்துவிடும். அதனால் பணத்தை முதலில் நீர்மூழ்கிகளில் போடலாம். கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் கரம்பீர் சிங் அதை ஏற்கவில்லை. கரையில் கட்டிப்போட்ட கடற்படையாக நாம் இருக்க முடியாது என்பது அவர் பதில்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கு. 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தே கப்பலைக் குறிவைக்கும் ஏவுகணைகளைச் சீனா வைத்திருக்கிறது. ஆனால் அதே சீனாதான் 2012-ல் லியாவ்னிங், 2019-ல் ஷான்டாங், 2025 நவம்பரில் ஃபூஜியன் என்று 13 ஆண்டில் மூன்று விமானம் தாங்கிக் கப்பல்களைச் சேர்த்தது. இந்தக் கப்பலுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைப்பதாகத் தெரியல.

விமானப்படைக்கு இன்னொரு வாதம் உண்டு. கரையிலேயே போர் விமானத்தை வைத்துக் கடலைக் காக்கலாமே என்பது. அதற்கான உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் சுகோய்-30 போர் விமானங்களின் படைப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. கப்பலைத் தாக்கும் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமந்து பறக்கக்கூடிய பிரிவு அது. நடுவானில் எரிபொருள் நிரப்பினால் இந்தியப் பெருங்கடலுக்குள் வெகுதூரம் போகலாம். அந்தமானும் நமக்கு மூழ்காத விமானத் தளம்.

இந்த வாதத்தில் ஒரு பலவீனம் இருக்கு. தஞ்சாவூரில் இருந்து கிளம்பும் விமானம் வேலையை முடித்துவிட்டுத் திரும்பணும். ஒரு சரக்குக் கப்பல் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே மூன்று நாள் நிற்க அதால் முடியாது. கப்பலால் முடியும்.

போர் இல்லாத காலத்துக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது, கடற்படை அணிவகுப்புக்காக ஐ.என்.எஸ். விக்ராந்த் கொழும்பில்தான் நின்றிருந்தது. நிவாரணப் பொருள் கொழும்பிலேயே இறங்கியது, அதன் ஹெலிகாப்டர்கள் மீட்புக்குப் பறந்தன.

செலவு எவ்வளவு? இங்கதான் விஷயமே

ஐ.என்.எஸ். விக்ராந்த் கட்ட சுமார் 20,000 கோடி ரூபாய் ஆனது. நீளம் 262 மீட்டர். எடை சுமார் 45,000 டன். உள்ளே 2,300 அறைகள். சுமார் 1,600 பேர் வாழும் மிதக்கும் ஊர்.

ஆனால் கப்பல் என்பது ஓடுதளம் மட்டும்தான். அதன் மேல் விமானம் வேணும். பிரான்ஸிடம் 26 ரஃபேல்-எம் விமானம் வாங்க 2025 ஏப்ரல் 28-ல் ஒப்பந்தம் போட்டார்கள். மதிப்பு சுமார் 63,000 கோடி. அதாவது கப்பலைவிட மூன்று மடங்குக்கு மேல். ஷெட் கட்டியதைவிட உள்ளே வாங்கிப் போட்ட மெஷினுக்குத்தான் செலவு அதிகம் என்று தொழில் செய்பவர்கள் சொல்வார்களே, அந்தக் கதை. இன்னொன்று, விமானம் தாங்கிக் கப்பல் தனியாகப் போகாது. ஏவுகணையைத் தடுக்க ஒன்று, நீர்மூழ்கியைத் தேட ஒன்று, எண்ணெய் நிரப்ப ஒன்று என்று ஒரு கூட்டமே கூடப் போகணும்.

இதோடு ஒரு சின்ன கணக்கை ஒப்பிட்டுப் பாருங்க. கரையோரம் ஆழமில்லாத நீரில் பதுங்கும் நீர்மூழ்கிகளை வேட்டையாட 8 சிறிய கப்பல்களை கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளத்திடம் 2019-ல் ஆர்டர் கொடுத்தார்கள். எட்டுக்கும் சேர்த்து 6,311 கோடி. ஒன்றுக்கு 800 கோடிக்கும் குறைவு. அந்த வரிசையின் முதல் கப்பலான ஐ.என்.எஸ். அர்னாலா 2025 ஜூன் 18-ல் கடற்படையில் சேர்ந்தது. 77 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் உருவானதில் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்துக்கும் பங்கு உண்டு.

2025-26 பட்ஜெட்டில் ராணுவம், விமானப்படை, கடற்படை மூன்றுக்கும் சேர்த்துப் புதுத் தளவாடம் வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 1.80 லட்சம் கோடி. இந்த ஒரே தொகையில்தான் எல்லாம். ஒரு திட்டத்துக்குச் 'சரி' சொன்னால் இன்னொன்றுக்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது கப்பல் எப்படி இருக்கணும் என்பதிலும் கருத்து மாறிக்கொண்டே வந்தது. முதலில் 65,000 டன் எடையில், விமானத்தை உந்திவிடும் கருவியோடு பெரிய கப்பல் என்றார்கள். பிறகு, விக்ராந்த் போலவே இன்னொன்று கட்டினால் சீக்கிரம் முடியும், கொச்சியில் கற்ற வேலையும் வீணாகாது என்றார்கள். 2025 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அடுத்த 15 ஆண்டுக்கான தொலைநோக்கு ஆவணத்தில் அணுசக்தியில் ஓடும் விமானம் தாங்கிக் கப்பல் இடம்பெற்றது. ஆவணத்தில் இருப்பது ஆர்டர் ஆகிவிடாது.

விக்ராந்துக்கு அடிப்பகுதி போட்டது 2009-ல். கடற்படையில் சேர்ந்தது 2022-ல். 13 வருஷம். இன்றைக்கு ஆர்டர் போட்டாலும் மூன்றாவது கப்பல் வரும்போது இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை காலேஜில் இருக்கும்.

நீர்மூழ்கி பக்கம் நிலைமை என்ன?

சொல்லப்போனா, கவலை கூடுதலாக இருப்பது இங்கதான்.

1999-ல் 30 ஆண்டுத் திட்டம் ஒன்றுக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி 24 புதிய நீர்மூழ்கிகள் வரணும். அந்தத் திட்டத்தின் கீழ் டீசல்-மின்சாரத்தில் ஓடும் வகையில் இதுவரை வந்தது 6. பிரெஞ்சு வடிவமைப்பில் மும்பை மசகான் கப்பல் தளம் கட்டிய கல்வரி வகை அது. 2005-ல் ஒப்பந்தம். முதல் கப்பல் 2017 டிசம்பரில் வந்தது, ஆறாவது கப்பலான வாக்ஷீர் 2025 ஜனவரியில் வந்தது. 6 கப்பலுக்கு 20 வருஷம். கடற்படையில் உள்ள மற்ற டீசல் நீர்மூழ்கிகளில் பெரும்பாலானவை 1980, 90-களில் வந்தவை.

அதைவிட வேதனை, ஆயுதக் கதை. நீர்மூழ்கியின் முக்கிய ஆயுதம் டார்பிடோ. கல்வரி வகைக்கு வாங்க இருந்த இத்தாலிய டார்பிடோ திட்டம், வேறொரு பேரத்தில் எழுந்த ஊழல் புகாரில் அதே குழும நிறுவனம் சிக்கியதால் ரத்தானது. பழைய ஜெர்மன் டார்பிடோக்களை வைத்து ஓட்டினார்கள். புதிய கனரக டார்பிடோக்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 டிசம்பர் கடைசியில். முதல் கப்பல் வந்து 8 வருஷம் கழித்து!

அடுத்த 6 நீர்மூழ்கிகளுக்கான திட்டம் பி-75ஐ. நீருக்கு அடியில் பல நாள் தங்கும் தொழில்நுட்பம் கொண்டவை இவை. சாதாரண டீசல் நீர்மூழ்கி, பேட்டரி சார்ஜ் போட அடிக்கடி மேலே வரணும். மேலே வந்தால் மாட்டிக்கொள்ளும். இந்தப் புதிய வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. டெண்டர் விட்டது 2021-ல். ஜெர்மன் நிறுவனத்துடன் சேர்ந்து வந்த மசகான் தளத்துடன் விலைப் பேச்சு தொடங்கியது 2025 செப்டம்பரில்.

அணுசக்தி நீர்மூழ்கிகளில் முன்னேற்றம் இருக்கு. அணு ஏவுகணை சுமக்கும் அரிஹந்த், அதன் பின் 2024 ஆகஸ்டில் அரிகாட். இவை பதிலடிக்கான ஆயுதம், எதிரி கப்பலை வேட்டையாட அனுப்ப மாட்டார்கள். வேட்டைக்கான அணுசக்தி நீர்மூழ்கி நம்மிடம் இல்லை. ரஷ்யாவிடம் குத்தகைக்கு எடுத்த சக்ரா 2021-ல் திரும்பிப் போய்விட்டது. அந்த வகையில் இரண்டை உள்நாட்டில் கட்ட 2024 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்திருக்கு.

நீருக்கு அடியில் இருக்கும் கப்பலோடு எப்படிப் பேசுவார்கள் தெரியுமா? சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலை வேணும். அதை அனுப்பும் நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கு. பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

யாரும் பேசாத ஓட்டை: கண்ணிவெடி

இப்போ மேலே சொன்ன அவசர விஷயத்துக்கு வருவோம். கடலில் கண்ணிவெடி போட்டால் அதைத் தேடி அகற்ற இந்திய கடற்படையிடம் தனிக் கப்பல் எத்தனை? பூஜ்யம்.

கடைசிக் கப்பலான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. புதியவை வாங்க தென்கொரிய நிறுவனத்துடன் பேசிய திட்டம் ஒரு தடவை டெண்டர் கோளாறில் ரத்து, இன்னொரு தடவை கோவா கப்பல் தளத்தோடு பேச்சு முறிந்து ரத்து.

இது ஏன் பெரிய விஷயம்? துறைமுக வாசல் குறுகலானது. அங்கே நாலு கண்ணிவெடி கிடக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே போதும், எந்தக் கப்பல் கேப்டனும் உள்ளே வர மாட்டார், காப்பீடு நிறுவனமும் சம்மதிக்காது. எண்ணூரோ தூத்துக்குடியோ கொச்சியோ மங்களூரோ, கேஸ் இறங்கும் எந்தத் துறைமுகத்தை வேண்டுமானாலும் நினைத்துப் பாருங்க. நாமக்கல் டேங்கர் லாரி காலியாக வரிசையில் நிற்கும். விமானம் தாங்கிக் கப்பல் துறைமுகத்துக்கு உள்ளே இருந்தால் அதுவும் வெளியே வர முடியாது!

கண்ணிவெடியின் கொடுமை அதன் விலைதான். 1988-ல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் போர்க்கப்பல் ஈரான் போட்ட கண்ணிவெடியில் மோதி, கிட்டத்தட்ட இரண்டாக உடையும் நிலைக்குப் போனது. வெடியின் விலை 1,500 டாலர் அளவு என்பார்கள். பழுதுபார்க்க ஆனது 9 கோடி டாலர் வாக்கில். 1991 வளைகுடாப் போரில் ஒரே நாளில் இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் இப்படிச் சிக்கின.

அகற்றும் கப்பலைக் கட்டுவதும் லேசு இல்லை. பல கண்ணிவெடிகள் இரும்பின் காந்தத் தன்மையை உணர்ந்து வெடிக்கும். அதனால் அந்தக் கப்பலே காந்தம் ஒட்டாத பொருளில் இருக்கணும். பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் கட்டுவார்கள். ஜெர்மனி காந்தம் ஒட்டாத தனி ரக எஃகில் கட்டியது. நல்ல எவர்சில்வர் டம்ளரில் காந்தம் ஒட்டாது, பார்த்திருப்பீங்க. அடிப்படை அறிவியல் அதேதான், ஆனால் கப்பலுக்கான எஃகு ரொம்ப வேற தரம். எஞ்சின் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. வெடியைத் தேட சோனார், செயலிழக்க வைக்கக் கடலடி ரோபோ, எல்லாம் வேணும்.

2025 ஜூலை 3-ம் தேதி பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் கவுன்சில் 1.05 லட்சம் கோடி மதிப்பிலான 10 திட்டங்களுக்குத் தேவை ஒப்புதல் கொடுத்தது. அதில் கண்ணிவெடி அகற்றும் கப்பலும் ஒன்று. 12 கப்பல் என்று பேசப்படுது. ஆனால் 'தேவை ஒப்புதல்' என்பது முதல் படிதான். அதன் பிறகு டெண்டர், தொழில்நுட்பச் சோதனை, விலைப் பேச்சு, பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவின் அனுமதி என்று படி இருக்கு. வங்கிக் கடனில் 'கொள்கை அளவில் ஒப்புதல்' லெட்டர் வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம்ம பார்வையில், மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பலைவிட இந்த 12 கப்பல் முதலில் வரணும். விமானம் தாங்கிக் கப்பல் வேண்டாம் என்பதல்ல. அது இல்லாவிட்டால் நம் செல்வாக்கு குறையும். இது இல்லாவிட்டால் துறைமுகமே மூடும்.

ட்ரோன் வந்த பிறகு பெரிய கப்பலுக்கு வேலை இருக்கா?

உக்ரைன் போரைக் காட்டித்தான் இந்தக் கேள்வி எழுது. பெரிய கடற்படையே இல்லாத உக்ரைன், 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பலை இரண்டு ஏவுகணையால் மூழ்கடித்தது. பிறகு வெடிமருந்து நிரப்பிய ஆளில்லா படகுகளால் அடித்து, ரஷ்யா தன் கப்பல்களைக் கிரிமியாவில் இருந்து நகர்த்த வேண்டிய நிலைக்குத் தள்ளியது.

ஆனால் கருங்கடல் சின்னது. கரையில் இருந்து எட்டும் தூரம். அந்தப் படகு கேரளக் கரையில் கிளம்பி ஹோர்முஸ் வரை போய் ஒரு கேஸ் கப்பலுக்குக் காவல் இருக்காது. அதனால் ட்ரோன் வந்ததால் கப்பல் தேவையில்லை என்று சொல்ல முடியாது. ட்ரோனைத் தாங்கிப் பிழைக்கும் கப்பல் வேணும், ட்ரோனையே கண்ணாகப் பயன்படுத்தவும் தெரியணும்.

இரண்டாவது வேலை தமிழ்நாட்டில் ஏற்கனவே நடக்குது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் நீர்மூழ்கி வேட்டைக்கான பி-8ஐ விமானங்கள் இருக்கு. 2020 நவம்பர் முதல் அமெரிக்காவிடம் குத்தகைக்கு எடுத்த பெரிய ட்ரோன்கள் அங்கிருந்துதான் பறந்தன. 2024 அக்டோபரில் அந்த வகையில் 31 வாங்க ஒப்பந்தம் ஆனது, 15 கடற்படைக்கு. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங்-5 கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த பரபரப்பு நினைவிருக்கும். அதுபோன்ற கப்பல் எங்கே போகுது, எங்கே நிற்குது என்பதை விடாமல் பார்க்க இப்படிப்பட்ட கண்கள்தான் வேணும்.

சரி, சேலத்துக்கு என்ன கிடைக்கும்?

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரி 20-ல் திருச்சியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்தார். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகியவை மையங்கள். காகிதத்தில் சேலம் இருக்கு. ஆனால் போர்க்கப்பல் என்றதும் சேலத்துக்காரர் மனதில் முதலில் வருவது இரும்பாலைதான்.

இங்க ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தணும். விக்ராந்துக்கு வேண்டிய சுமார் 30,000 டன் சிறப்பு எஃகைக் கொடுத்தது செயில் நிறுவனம். சேலம் இரும்பாலையும் செயிலுக்குச் சொந்தமானதுதான். ஆனால் அந்தக் கப்பல் எஃகு உருவானது பொக்காரோ, பிலாய், ரூர்கேலா ஆலைகளில். சேலம் ஆலையின் பலம் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. பாத்திரக் கடையில் இருந்து ரயில் பெட்டி வரை போகும் தகடு அது.

அந்தச் சிறப்பு எஃகின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. முன்பு போர்க்கப்பல் எஃகை ரஷ்யாவிடம்தான் வாங்கினோம். அது தாமதமானபோது, ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயிலும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். உறைகுளிரிலும் கண்ணாடி மாதிரி நொறுங்காத, வெல்டிங் செய்தாலும் பலம் குறையாத எஃகு. இன்று நம் போர்க்கப்பல்கள் பலவும் இந்த ரகத்தில் கட்டப்படுது. தாமதம் ஒன்று நமக்கு நல்லது செய்த அபூர்வமான சம்பவம்.

சேலத்துக்கு இதில் மறைமுகப் பங்கு இருக்கு. எஃகு உலையின் உள்சுவர் 1,600 டிகிரி வெப்பத்தைத் தாங்கணும். அதற்கான செங்கல்லின் மூலப்பொருள்களில் ஒன்று மேக்னசைட், நம்ம ஊர் வெள்ளைக்கல். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தோடு இயங்கும் செங்கல் ஆலை ஒன்று 2011-ல் செயில் குழுமத்துக்குள் வந்தது. செயில் ஆலைகளின் உலைகளுக்கு அங்கிருந்து சரக்கு போகுது.

இரும்பாலையைத் தனியாருக்கு விற்க 2019-ல் மத்திய அரசு விருப்பக் கோரிக்கை விட்டதும், தொழிலாளர்கள் போராடியதும் சேலத்துக்குத் தெரிந்த வரலாறு. ஒரு பக்கம் பாதுகாப்பு வழித்தடம், மறுபக்கம் இருக்கிற எஃகு ஆலைக்கு வாங்குபவரைத் தேடுவது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் முரண்பாடு கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

பெரிய ஆலையை விடுங்க, சிறு தொழிற்கூடங்களுக்கு? விக்ராந்தில் 100-க்கு மேற்பட்ட சிறு, நடுத்தர நிறுவனங்கள் வேலை செய்ததாக அரசு சொன்னது. வால்வு, பைப் இணைப்பு, ஏணி, கதவு, கேபிள் தாங்கி, சமையலறைச் சாமான் என்று கப்பலுக்குள் போகும் பொருள் ஆயிரக்கணக்கில். லாரி பாடியும் டேங்கரும் கட்டிப் பழகிய நாமக்கல் வெல்டருக்கோ, சேலத்து லேத் பட்டறைக்கோ கைத்திறன் புதுசு இல்லை. புதுசு என்னன்னா தரச் சான்று. ஒவ்வொரு பொருளின் உலோகமும் எந்த வார்ப்பில் இருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேட்பார்கள். வெல்டிங்கை எக்ஸ்-ரே எடுப்பார்கள். உப்பு நீரில், அதிர்வில் வைத்துச் சோதிப்பார்கள். இந்தச் சான்றுகளுக்கு முதலில் பணம் போடணும், ஆர்டர் பின்னால்தான் வரும்.

அந்த முதலீட்டை ஒரு பட்டறை முதலாளி எப்போ போடுவார்? 15 வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய கப்பலை நம்பிப் போட மாட்டார். வருஷா வருஷம் ஒரே மாதிரி இரண்டு மூன்று சிறு கப்பல் காட்டுப்பள்ளியிலோ கொச்சியிலோ கட்டப்படுது என்றால் போடுவார். அர்னாலா வகை மாதிரி 16 கப்பல், இரண்டு தளங்களில் எட்டு எட்டாக. கண்ணிவெடிக் கப்பல் 12. இப்படித் தொடர்ச்சியாக வரும் ஆர்டர்தான் உள்நாட்டுப் பட்டறைக்குச் சோறு போடும். டெல்லியில் எந்தக் கப்பலை முதலில் கட்டுவது என்று முடிவு செய்யும்போது யாரும் இந்தக் கோணத்தைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆர்வம் உள்ள தொழில்முனைவோர் பார்க்க வேண்டிய இடம் 2020-ல் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கிய ஸ்ரீஜன் இணையதளம். வெளிநாட்டில் வாங்கும் எந்தெந்த உதிரிபாகத்தை உள்நாட்டில் செய்து கேட்கிறார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கு. தமிழ்நாட்டில் வழித்தடத்துக்குப் பொறுப்பு டிட்கோ. புதுக் கண்டுபிடிப்பு கையில் இருந்தால் ஐடெக்ஸ் என்ற திட்டத்தில் நிதி உதவி கேட்கலாம்.

அடுத்து கவனிக்க வேண்டிய செய்திகள்: பி-75ஐ ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள், மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பலுக்குத் தேவை ஒப்புதல் வருதா என்பது, அப்புறம் அந்தக் கண்ணிவெடிக் கப்பல் டெண்டர். கடைசிச் செய்தி டிவியில் ஒரு வரி ஸ்க்ரோலாக ஓடிவிட்டுப் போனாலும் போகலாம். நாமக்கல்காரர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.